மெஸ்ஸுக்கு மெஸ் என்று பேர் வைத்தது சரிதானா? அல்சூர் மாடியில் ஒரு மதியச் சாப்பாடு

சாப்பாடு 110 ரூபாய். ஆம்லெட் 25, மீன் வறுவல் ஒரு துண்டு 80. மாதக் கணக்கு வைத்துக்கொண்டால் 26 மதியச் சாப்பாட்டுக்கு 2,600. பாதிப் பேர் இதைத் தேடித்தான் வருவீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன், நீங்கள் கிளம்பலாம். மீதிப் பேர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அதன் பலகையில் இருக்கிற ஒரே ஒரு ஆங்கிலச் சொல் குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது.

கடை பெங்களூர் அல்சூரில். மெட்ரோவில் இறங்கி சோமேசுவரர் கோயில் பக்கம் நடந்தால் பூக்கடைகளைத் தாண்டி ஒரு சந்து, அதில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. முழுப் பெயரைப் போடவில்லை. கீழே சில குறைகளைச் சொல்லப்போகிறேன், கடையை நடத்துகிற அக்கா முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும், அது ஒன்று. ஒன்றேகால் மணிக்கு ஏற்கெனவே அங்கே உட்கார இடமில்லை, நீங்களும் வந்துவிட்டால் நான் எங்கே போவேன், அது இன்னொன்று. பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று கெடுபிடி வந்தபிறகு புதிதாக எழுதினார்கள். மேலே கன்னடம் கொட்டையாக, நடுவில் ஆங்கிலத்தில் நாலே எழுத்து, அதற்கும் கீழே ஓரமாக, வாடகைக்குக் குடிவந்தவர் மாதிரி தமிழில் 'மெஸ்'.

போன மாதம் எங்கள் ஆபீசுக்கு லண்டனிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாலு நாள் தங்கின இடத்து பஃபேயிலேயே சாப்பிட்டு அலுத்துப்போய், நீங்கள் தினமும் சாப்பிடுகிற இடத்துக்கு என்னையும் கூட்டிப் போங்கள் என்றார். கூட்டிப் போனோம். சந்து முனையிலேயே நின்றுவிட்டார். பலகையை அண்ணாந்து பார்த்தார், போனை எடுத்துப் படம் பிடித்தார், அப்புறம் சிரித்துக்கொண்டே "இவ்வளவு நேர்மையான கடையை நான் பார்த்ததே இல்லை" என்றார். எனக்குப் புரிய இரண்டு படி ஏற வேண்டியிருந்தது. புரிந்தபோது சுருக்கென்றது. அவர் ஊர்ப் பேச்சில் மெஸ் என்றால் அலங்கோலம், களேபரம், பிள்ளைகள் பொம்மையை இறைத்துப்போட்ட கூடம். அந்தப் பேரை ஒரு சோற்றுக்கடைக்கு, அதுவும் மூன்று மொழியில் எழுதி மாட்டியிருக்கிறோம். சிரிக்காமல் என்ன செய்வார்?

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டினேன். ரோஷம்தான் காரணம், மொழி ஆராய்ச்சி இல்லை. புரட்டப் புரட்டத் தெரிந்தது என்னவென்றால், பலகை சரி, சிரித்தவர்தான் தன் சொல்லின் பழைய பொருளை மறந்துவிட்டார். ஆங்கிலத்தில் 1300 வாக்கில் இந்தச் சொல் வந்து சேர்ந்தபோது அதற்கு ஒரே பொருள்தான், ஒரு வேளைக்குப் போடுகிற சாப்பாடு. குப்பை, கூளம் எல்லாம் ஐந்நூறு வருஷத்துக்கு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை.

'போடுகிற' என்று தெரிந்தேதான் எழுதினேன். பழைய பிரெஞ்சில் 'மெஸ்' என்று இருந்தது, பந்தியில் கொண்டுவந்து வைக்கிற ஒரு பதார்த்தம். அதற்குப் பின்னால் லத்தீன் 'மிஸ்ஸுஸ்', அதற்கும் பின்னால் 'மித்தெரே' என்ற வினை. மித்தெரே என்றால் முதலில் அனுப்பு, பிற்கால லத்தீனில் வை, போடு. ஆக மெஸ் என்பதன் அடி, போட்டது. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இதை லத்தீன்காரன் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. நம் ஊரில் சோறு கொடு என்று யார் சொல்கிறார்கள்? சோறு போடு. இலை போட்டாச்சு. கல்யாணச் சாப்பாடு எப்போ போடப்போறே? பரிமாறுதல் என்பது பத்திரிகையில் அச்சடிக்கிற சொல், வாயில் வருவது போடுவதுதான். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் பதார்த்தத்துக்கு அந்தச் சொல்லையே வைத்திருக்கிறார்கள், எழுத்தில் மட்டும் நடுவில் ஒரு 't' சேர்த்துக்கொண்டார்கள், அவர்கள் மொழியில் 'போடு' என்கிற வினையின் சாயல் தெரிகிற மாதிரி.

இந்தக் கடையில் அந்தப் போடுதல் எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 110 ரூபாயில் எழுபது ரூபாய் அதற்குத்தான் கொடுக்கிறேன். எவர்சில்வர் தட்டில் இலையை வட்டமாக வெட்டிப் போட்டிருப்பார்கள். போடுகிற பையன் ஒடிசாக்காரன், வந்து இரண்டு வருஷம் ஆகிறது, கன்னடத்துக்கு முன்னால் தமிழைக் கற்றுக்கொண்டுவிட்டான், அதுவும் சோற்றுத் தமிழ்: "அண்ணா, சாதம்? கொஞ்சமா, நெறைய?" பொரியல், கூட்டு, அப்பளம் இலையில் முன்னாடியே இருக்கும். அவன் சாதத்தைக் கொட்டமாட்டான், கரண்டியைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டி இலை நடுவில் குன்றாக வைப்பான், நாம் உச்சியில் விரலால் குழி பண்ணுவதற்குள் குழம்பு வந்துவிடும். ரசத்துக்கு வாளியைக் கொண்டுவந்து ஒரு நிமிஷம் காத்திருப்பான். தெளிவா, கலக்கியா என்று கேட்கத்தான். மேலே தெளிந்திருக்கிற ரசம் தொண்டைக்கு, அடியில் தங்குகிற மண்டி சாதத்துக்கு. நான் எப்போதும் மண்டி. அக்காவின் ரசத்தில் மிளகை இடிக்கிறார்களே தவிர அரைப்பதில்லை, அடிக்கரண்டியில் அது பல்லில் அகப்படும், பூண்டு தோலோடு வரும். பெங்களூரில் 13 வருஷமாக நான் குடித்த ரசங்களில் இதற்குத்தான் முதல் இடம்.

குழம்புகளில் வத்தக்குழம்பு பிரமாதம். மீன் குழம்பு புதன், வெள்ளி மட்டும், முதல் நாள் வைத்தது மாதிரிப் புளிப்பு ஏறியிருக்கும். கோழிக் குழம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சாம்பார்தான் பிரச்சினை. அக்காவுக்குச் சொந்த ஊர் நத்தம், திண்டுக்கல் பக்கம். ஆனால் கடைக்கு வருகிற உள்ளூர்க்காரர்களுக்காகக் கொஞ்ச நாளாகச் சாம்பாரில் வெல்லம் விழ ஆரம்பித்திருக்கிறது. முதலில் ஒரு சிட்டிகை, இப்போது சந்தேகமே இல்லாமல் இனிக்கிறது. கேட்டால், "ஊரோட ஒத்து வாழணும்ல?" என்கிறார். வாழுங்கள் அக்கா, ஆனால் எங்களுக்கு ஒரு சட்டி தனியாக இறக்கிவைக்கக் கூடாதா?

சொல்லுக்கு வருகிறேன். போட்ட சாப்பாடு என்று இருந்தது, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றாக உட்கார்ந்து அதைச் சாப்பிடுகிற ஆட்களுக்கும் பெயராகிவிட்டது. நம் பந்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பந்திக்குப் பெரும்பாலும் நாலு பேர் கணக்கு. நாலு பேருக்கு ஒரே பாத்திரத்தில் வரும், அவர்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். லண்டனில் வக்கீல்களை உருவாக்குகிற 'இன்' என்ற சங்கங்களில் விருந்து மேசையில் இந்த நாலு பேர் கணக்கு வெகுகாலம் பிழைத்திருந்தது. காந்தி 1888இல் அவற்றில் ஒன்றான இன்னர் டெம்பிளில் சேர்ந்தபோது இதில் மாட்டினார். அங்கே பாரிஸ்டர் ஆகப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது, இத்தனை விருந்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்று விதி. நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின். இவர் தொடமாட்டார். ஆகவே அவரைத் தங்கள் நாலு பேரில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளப் போட்டி நடக்குமாம், மூன்று பேர் இரண்டு பாட்டிலைக் காலி பண்ணலாமே! சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் மேசைதான் ஞாபகம் வந்தது. இந்த மெஸ்ஸிலும் எல்லா மேசையும் நாலு பேருக்கு. தனியாகப் போனால் தனி மேசை கிடைக்காது, மூன்று பேர் இருக்கிற மேசையில் நாலாவதாகச் செருகிவிடுவார்கள், கேள்வியே கிடையாது. சனிக்கிழமை ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு சின்னத் துண்டு வறுத்த மத்தி உண்டு, விலையில் சேர்த்தி. எங்களோடு வருகிற ஒருவர் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார், பெருமாள் கணக்கு. அன்று மட்டும் அவருக்குக் கிடைக்கிற மரியாதையைப் பார்க்க வேண்டும். "சார், இங்க வாங்க, ஃபேன் காத்து நல்லா வரும்." மூன்று பேருக்கு நாலு மத்தி. அவருக்கும் விஷயம் தெரியும், இப்போதெல்லாம் யாருக்குத் தருகிறாரோ அவரிடம் பதிலுக்கு அப்பளம் வாங்கிக்கொள்கிறார்.

மேசைக்குப் போட்டாலும் எல்லாருக்கும் ஒரே அளவா என்றால், இல்லை. அதற்கும் பழைய சாட்சி இருக்கிறது. 1611இல் அச்சான ஆங்கில பைபிளில், எகிப்தில் யோசேப்பு தன் அண்ணன் தம்பிகளுக்கு விருந்து வைக்கிற இடத்தில், ஆளுக்கு ஒரு 'மெஸ்' அனுப்பினான், பென்யமீனுக்குப் போன மெஸ் மட்டும் மற்றவர்களுடையதைப்போல ஐந்து மடங்கு என்று வருகிறது. சோற்றுப் பங்கு என்ற பொருள் அங்கே பளிச்சென்று நிற்கிறது. எங்கள் மெஸ்ஸில் பென்யமீன் யாரென்றால், சன்னல் ஓர மேசையில் பன்னிரண்டரைக்கே வந்து உட்கார்ந்துவிடுகிற சுபேதார் ஐயா. எம்.இ.ஜி.யில் இருந்து ரிட்டயரானவர். அவர் இலைக்கு மட்டும் அக்கா அடுப்படியை விட்டுத் தானே கரண்டியோடு வருவார். ஈரல் துண்டு எங்களுக்குக் கண்ணில்கூடப் படாது. இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் கோபம் இல்லை. எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார்.

எம்.இ.ஜி. என்றால் மெட்ராஸ் என்ஜினியர் குரூப், 1780இல் தொடங்கின படை. தலைமையகம் இந்த அல்சூர் ஏரிக்கரையில்தான். பட்டாளத்தில் மற்ற படைக்காரர்கள் இவர்களுக்கு வைத்த செல்லப்பெயர் 'தம்பி'. அதனாலோ என்னவோ ஐயா ஐம்பது வயது ஆளையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். லண்டன்காரர் சிரித்த கதையை அவரிடம் சொன்னேன். மோரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "மெஸ்ஸுன்னா அது ஆபீசருக்கு, தம்பி. பளபளன்னு வெள்ளித்தட்டு இருக்கும். சுபேதார் ஆனப்புறம் எங்களுக்கும் தனி மெஸ் உண்டு. சிப்பாயா இருந்தப்ப லங்கர்லதான் தட்ட நீட்டிக்கிட்டு நிப்போம். இங்க வந்து ரெண்டாந்தடவ மெஸ்ல சாப்பிடறேன்" என்றார்.

அவர் சொன்னதில் வரலாறு இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பட்டாளக்காரர்கள் சேர்ந்து சாப்பிடுகிற ஏற்பாட்டுக்கு இந்தச் சொல் போய்ச் சேர்ந்தது, அப்புறம் கப்பல், ரெஜிமென்ட் என்று அவர்களோடேயே உலகம் சுற்றியது. 1809இல் வெள்ளைக்காரப் பட்டாளம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு பெங்களூருக்கு மாறி இங்கே கன்டோன்மென்ட் எழும்பியது. பட்டாளத்தின் பின்னாலேயே சமையல்காரர், வண்ணார், தையல்காரர், கொத்தனார், காய்கறி சப்ளை பண்ணுகிற முதலியார் என்று தமிழ் ஜனமும் வந்து இறங்கிற்று. அல்சூர், சிவாஜிநகர், மர்ஃபி டவுன் பக்கம் நாலைந்து தலைமுறையாகத் தமிழ் கேட்பதற்கு அதுதான் ஒரு பெரிய காரணம். இந்த ஏரிப்பக்கம் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் துணிக்குள் இருந்து 2009இல் திறந்தார்களே, அப்போது எங்கிருந்து இத்தனை தமிழர்கள் என்று கேட்டவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

வெள்ளைக்காரன் விட்டுப்போன சொற்களை நாம் என்ன செய்தோம் என்று யோசித்தால் எல்லாம் வயிற்றில்தான் போய் முடிகிறது. ஹோட்டல் என்றால் அவனுக்குத் தங்குமிடம், நமக்கு இட்லி. கிளப் என்றால் அவனுக்குச் சீட்டும் சாராயமும், நாம் காபி கிளப் திறந்தோம். பெங்களூர்க்காரர்கள் ஆட்டுக்கறிக் கடைக்கு மிலிட்டரி ஹோட்டல் என்று பேர் வைத்தார்கள். நம்மவர்கள் மதுரையில், கோயம்புத்தூரில், திருவல்லிக்கேணி மேன்ஷன் சந்துகளில் மெஸ் வைத்தார்கள். ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிட்டல் மூன்றும் லத்தீனில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை என் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட்ட யாரும் உடனே ஒத்துக்கொள்வார்கள்.

பலகையில் 'மீல்ஸ் ரெடி' என்றும் தொங்குகிறது. அதையும் விடவில்லை, பார்த்தேன். மீல் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் அளவு, குறித்த வேளை என்று பொருள். நம்முடைய மாத்திரையும் அதே அளக்கிற வேரிலிருந்து வந்த சொந்தக்காரன்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்தோமே, அந்த மாத்திரை. அப்படியானால் 'அன்லிமிடெட் மீல்ஸ்' என்று போட்டிருக்கிறார்களே, அளவில்லாத அளவு! அக்காவிடம் சொன்னேன். "இந்தா, இப்ப சாதம் வேணுமா வேணாமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒன்று. சிவாஜிநகர் பசிலிக்காவில் பூசை முடிந்து குடும்பம் குடும்பமாக இங்கே வந்து இறங்குவார்கள், பன்னிரண்டு மணிக்கே படிக்கட்டில் வரிசை. அவர்களில் ஒருவர் என் அண்டை வீட்டுக்காரர், ஆங்கிலத்தில் பேசும்போது 'மாஸ் முடிந்து நேரே மெஸ்' என்பார். எதுகைக்குச் சொல்கிறார், ஆனால் இரண்டும் உறவு. லத்தீன் பூசையின் முடிவில் குரு 'இத்தே, மிஸ்ஸா எஸ்த்' என்று சொல்லிச் சபையை அனுப்பிவைப்பார், அந்த மிஸ்ஸாதான் மாஸ் ஆனது. அதுவும் மித்தெரேயின் பிள்ளை. மெசேஜ், மிஷன், மிசைல் எல்லாரும் அந்த வீட்டுப் பிள்ளைகளே. அனுப்பினது ஆளாக இருந்தால் மிஷன், செய்தியாக இருந்தால் மெசேஜ், குண்டாக இருந்தால் மிசைல், சாம்பாராக இருந்தால் மெஸ். ஆனால் நம் ரசிகர்கள் தியேட்டரில் விசிலடிக்கிற 'மாஸ்' இந்தக் குடும்பமே இல்லை. அது லத்தீனில் பிசைந்த மாவு, கிரேக்கத்தில் வாற்கோதுமை அப்பம். ஹீரோ மேலே ஏறி நிற்கும்போது இனிமேல் எனக்கு அடைமாவுதான் ஞாபகம் வரும், என்ன செய்ய.

அப்படியானால் குப்பை எப்படி வந்தது? அதற்கு நம் வீட்டுக் கொல்லைப்புறத்துக் கழுநீர்ப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி கழுவின தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிஞ்சின குழம்பு, எல்லாம் ஒன்றாய் விழுந்து மாட்டுக்குப் போகும். 18ஆம் நூற்றாண்டில், 1738 வாக்கில், மெஸ் என்பதை இப்படி மிருகங்களுக்குக் கலந்து வைக்கிற தீனிக்கும் சொல்ல ஆரம்பித்தார்கள். அதிலிருந்து எந்தக் கண்றாவிக் கலவைக்கும். 1834 வாக்கில் குழப்பத்துக்கு, இன்னும் கொஞ்சம் கழித்து அலங்கோலமாய்க் கிடக்கிற அறைக்கு. இலையில் தொடங்கின சொல் கழுநீர்ப் பானை வழியாகக் குப்பைக்குப் போய்விட்டது. பட்டாளத்தில் மட்டும் பழைய பொருள் உடுப்போடு மிடுக்காக நின்றது, அங்கிருந்துதான் நமக்கு அது தெரியும். லண்டன்காரர் ஊரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனாலும் அவருக்குக் கண்ணில் பட்டது குப்பைதான்.

இந்த 1834 பொருளில் மெஸ் வேண்டுமென்றால், பார்சல் ஆர்டர் பண்ணுங்கள். டெலிவரி ஆப்பில் இந்தக் கடையும் இருக்கிறது. போன மழையில் வெளியே போக முடியாமல் ஒருமுறை வரவழைத்தேன். வந்த பையைத் திறந்தால், ரசப் பை வாய் அவிழ்ந்து சாதத்துக்குள் இறங்கி, அங்கிருந்து அப்பளத்தை நனைத்து, கூட்டு பொரியலில் கலந்து, மோர் மட்டும் யார் வம்புக்கும் போகாமல் தனியாக உட்கார்ந்திருந்தது. படம் எடுத்து அனுப்பினால் ஆப்பில் இருக்கிற இயந்திரம் 'உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்' என்று சொல்லிவிட்டு 30 ரூபாய்க் கூப்பன் கொடுத்தது, அதையும் 300 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் உபயோகிக்கலாம். அக்காவிடம் புகார் சொன்னதற்கு, "நான் கட்டுனப்ப நல்லாத்தான் இருந்துச்சு, அவன் வண்டியில எப்படி வச்சானோ" என்றார். இருக்கலாம். ஆனால் ரசத்தை நூலால் கட்டாமல் ரப்பர் பேண்டு போடுகிறவர் அவர்தான்.

வேறு குறைகள். ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை நாம் சாப்பிடும்போதே நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுவிடுவார், அவர் மூச்சு பிடரியில் படும், மோர்ச்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டால் பாவம் செய்கிற மாதிரி இருக்கும். மாதக் கணக்கு நோட்டில் நான் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த நாலு நாளையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். பயணச்சீட்டைக் காட்டின பிறகுதான் அடித்தார்கள், அதுவும் அடித்த இடத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு. ஆகவே கணக்கு வைப்பவர்கள் தேதியை நீங்களும் எங்காவது குறித்துவையுங்கள்.

நோட்டு என்றதும் சொல்ல வேண்டும், பெங்களூரில் சாப்பாட்டு பாக்கிக்கு ஒரு பெரிய மனிதரின் முன்னுதாரணம் உண்டு. 1896இல் இளம் அதிகாரியாக இங்கே வந்த சர்ச்சில், இன்றைய பெங்களூர் கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். வசூலாகாத கடன் என்று எழுதின அந்தப் பழைய லெட்ஜரைக் கிளப்பில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அக்காவின் நோட்டில் என் பேருக்கு எதிரே இப்போது 220 இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் போகிற வாய்ப்பு எனக்கு இல்லை, முதல் தேதி கொடுத்துவிடுவேன்.

லண்டன்காரர் அன்று சாப்பிட்டாரா என்று கேட்கிறீர்களா? சாப்பிட்டார். நாலாவது ஆளாக சுபேதார் ஐயா மேசையில்தான் இடம் கிடைத்தது. ஸ்பூன் கேட்டார், வந்தது, இரண்டாவது சாதத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டார். ஐயா பட்டாள ஆங்கிலத்தில் ஆபீசர் மெஸ் வெள்ளித்தட்டுக் கதையைச் சொன்னபோதுதான் லண்டன்காரருக்குச் சட்டென்று ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், பலகை இருக்கிற வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்குள் பையன் ரச வாளியோடு வந்து நின்றான், தெளிவா கலக்கியா என்று. நான் அவருக்கும் சேர்த்து, கலக்கி என்றேன்.

மதியம் பன்னிரண்டரை முதல் மூன்றரை, ராத்திரி ஏழரை முதல் பத்து. ஞாயிறு ராத்திரி கிடையாது. யுபிஐ உண்டு, ஆனால் மாடியில் சிக்னல் கிடைக்காது, கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று அனுப்பிவிட்டு மேலே வந்து காட்ட வேண்டும். கை கழுவுகிற இடத்தில் இரண்டு குழாய் இருக்கும், வலது பக்கத்துக் குழாயைத் திறவுங்கள், இடது பக்கத்தைத் திறந்தால் சட்டை நனையும்.